அடர் நடவு ஆப்பிளுக்குக் குட்டை வேர்ச்செடி: ஒப்பீட்டுத் திடல் அமைப்பது முதல் முடிவெடுப்பது வரை

இமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா, குல்லு மாவட்டங்களில் உள்ள பழைய ஆப்பிள் தோட்டங்கள் பெரும்பாலும் விதையிலிருந்து வளர்த்த கன்றில் ஒட்டுக்கட்டியவை. 6 மீட்டருக்கு 6 மீட்டர் இடைவெளி, ஹெக்டேருக்கு 277 மரம், நல்ல காய்ப்புக்கு எட்டுப் பத்து ஆண்டுக் காத்திருப்பு. அதே நிலத்தில் குட்டை வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நின்று மரத்தைக் குட்டையாக வைக்கும் செடி) ஒட்டிய மரங்களை வரிசைக்கு வரிசை 3 மீட்டர், மரத்துக்கு மரம் 1 மீட்டர் என நட்டால் 3,333 மரம் நிற்கும். இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காய் எடுக்கலாம். ஆனால் கன்று, கம்பம், கம்பி, சொட்டுநீர், ஆலங்கட்டி வலை என்று முதலீடு முழுவதும் முன்கூட்டியே போய்விடுகிறது. ஒட்டிய ரகம் பிடிக்கவில்லை என்றால் மேலே வெட்டி வேறு ரகம் ஒட்டலாம். வேர்ச்செடி பிடிக்கவில்லை என்றால் மரத்தைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

அதனால்தான் பெரிய அளவில் நடும் முன் சிறிய திடலில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி இமாச்சலின் 1,500 முதல் 2,500 மீட்டர் உயரத் தோட்டங்களை மனத்தில் வைத்து எழுதியது. தோட்டக்கலை மாணவர்களுக்கும், விவசாயிக் குழுக்களுக்கும், நாற்றங்கால் நடத்துபவர்களுக்கும் பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இத்தகைய ஒப்பீடுகள் கெட்டுப்போவது கணக்குப் போடும் இடத்தில் அல்ல. வேறுவேறு தரமான கன்று, வேறுவேறு ஆழத்தில் நடவு, சீரற்ற மண் ஆகியவற்றால் முதல் அளவு எடுக்கும் முன்பே கெட்டுவிடுகின்றன. ஆகவே 1 முதல் 4 வரையுள்ள படிகளில் அவசரம் கூடாது.

படி 1: எவற்றை ஒப்பிடுவது

இன்றைய குட்டை வேர்ச்செடிகளின் அடிப்படை எம்.9. பிரான்ஸில் 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த ‘ஜோன் தெ மெட்ஸ்’ என்ற செடி அது. இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன், பெயர் குழம்பிக் கிடந்த வேர்ச்செடிகளைத் தரம்பிரித்து எண் கொடுத்தபோது அதற்கு ஒன்பதாம் எண் கிடைத்தது. எம்.9-இலும் பல வழித்தேர்வுகள் (அதே செடியிலிருந்து தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை) உண்டு: நெதர்லாந்தின் டி337, பெல்ஜியத்தின் நிக் 29, பிரான்ஸின் பஜாம் 2. டி337-ஐவிட மற்ற இரண்டும் சற்று வீரியமானவை. ‘எம்.9 கன்று’ என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் எந்த வழித்தேர்வு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

விதைக்கன்று மரத்தின் அளவை 100 என்று கொண்டால் எம்.27 சுமார் 20 முதல் 25, எம்.9 சுமார் 30 முதல் 35, எம்.26 சுமார் 40 முதல் 45, எம்எம்.106 சுமார் 60 முதல் 65, எம்எம்.111 சுமார் 80 அளவுக்கு வளரும். ரஷ்யாவின் மிச்சுரின்ஸ்க் நகரில் உருவான பி.9 கடுங்குளிர் தாங்கும். இலை சிவந்திருப்பதால் நாற்றங்காலில் அடையாளம் காண்பது எளிது. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா நகரில் கார்னெல் பல்கலைக்கழகமும் அமெரிக்க வேளாண்துறையும் உருவாக்கிய ஜி வரிசையில் ஜி.11, ஜி.41 ஆகியவை ஏறக்குறைய எம்.9 அளவு, ஜி.214, ஜி.935 அதைவிடச் சற்றுப் பெரியவை, ஜி.969 இன்னும் ஒரு படி மேல், ஜி.890 ஏறத்தாழ எம்எம்.106 வகுப்பு.

எல்லாவற்றையும் ஒரே திடலில் போட்டுக் குழப்பாதீர்கள். எம்.9-இன் பக்கத்தில் எம்எம்.111 நின்றால் மூன்றாம் ஆண்டிலேயே நிழல் விழும். அதன்பின் நீங்கள் அளப்பது நிழலைத்தான். இரண்டு திடலாகப் பிரியுங்கள். குட்டைத் திடலில் டி337, நிக் 29, பி.9, ஜி.11, ஜி.41, ஜி.214 ஆகிய ஆறும் 3 × 1 மீட்டரில். நடுத்தரத் திடலில் எம்.26, ஜி.969, ஜி.890, எம்எம்.106, எம்எம்.111 ஆகியவை 4 × 2.5 மீட்டரில். ஜி.214-ஐ இரண்டிலும் வைத்தால் இரு திடல்களையும் இணைத்துப் பேச ஒரு பிடி கிடைக்கும். ஒவ்வொரு திடலிலும் உங்கள் பகுதியில் ஏற்கெனவே நடப்படும் வேர்ச்செடி ஒன்று ஒப்பீட்டு அளவுகோலாக இருந்தே ஆக வேண்டும்.

ஒட்டும் ரகமும் முக்கியம். குறுங்கிளையில் காய்க்கும் ரெட் டெலிஷியஸ் வகைகளான ஒரிகான் ஸ்பர், சூப்பர் சீஃப் போன்றவை தாமாகவே வீரியம் குறைந்தவை. அவற்றை எம்.9-இல் ஒட்டி, பாசன வசதியற்ற மெலிந்த மண்ணில் நட்டால் மரம் இடத்தை நிரப்பாமலே நின்றுவிடும். அதே எம்.9-இல் காலா ரகம் நன்றாகவே நிரப்பும். காலாவில் கிடைத்த முடிவை டெலிஷியஸுக்கு எடுத்துப்போக முடியாது. எந்த ரகத்தைப் பெரிய அளவில் நடப்போகிறீர்களோ அதிலேயே சோதியுங்கள்.

படி 2: இடத்தைச் சோதித்தல்

மலைச்சரிவை வெட்டி அமைத்த தட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. உட்புறம், அதாவது வெட்டிய சுவரை ஒட்டிய பக்கம், மேல்மண் போய் அடிமண் வெளிப்பட்டிருக்கும். வெளிவிளிம்பில் கொட்டி நிரப்பிய மண் ஆழமாக இருக்கும். ஒரே தட்டில் 4 மீட்டர் தள்ளி நிற்கும் இரு மரங்களுக்கு மண் வேறு. அதனால் தட்டின் நீளத்தை ஒட்டி ஒரே வரிசையாக ஒரு தொகுதியை (எல்லா வேர்ச்செடிகளும் இடம்பெறும் ஒரு பகுதி) அமையுங்கள். உள்வரிசையும் வெளிவரிசையும் ஒரே தொகுதிக்குள் கலக்கக் கூடாது.

தொகுதிக்கு ஒரு குழியாவது 1 மீட்டர் ஆழம் தோண்டி, பாறையோ இறுகிய களியோ எந்த ஆழத்தில் வருகிறது என்று பாருங்கள். வடிகாலுக்கு 60 செ.மீ ஆழக் குழியில் நீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அந்த இடம் கழுத்தழுகலுக்கு (தரையை ஒட்டிய அடிமரம் அழுகும் நோய்) அழைப்பு. மண்ணின் கார அமில நிலை 5.8 முதல் 6.8 வரை இருப்பது நல்லது. குறைவாக இருந்தால் சுண்ணாம்பை நடவுக்கு முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும், பிறகு ஆழத்துக்குக் கொண்டுபோக முடியாது.

பழைய ஆப்பிள் மரத்தைப் பிடுங்கிய இடமா என்பது பெரிய கேள்வி. ஆப்பிள் இருந்த மண்ணில் மீண்டும் ஆப்பிள் நட்டால், மண்ணில் தங்கிய பூஞ்சைகளும் நூற்புழுக்களும் சேர்ந்து இளவேர்களை அழிப்பதால் கன்று வளராமல் குன்றும். இதை மறுநடவு நோய் என்கிறோம். சோதிப்பது எளிது. பழைய வேர் மண்டலத்திலிருந்து மண் எடுத்து இரு பங்காக்கி, ஒன்றை 70 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஈரவெப்பத்தில் வைத்து ஆறவிடுங்கள். இரண்டிலும் பத்துப் பத்துத் தொட்டிகளில் ஒரே வயது ஆப்பிள் விதைக்கன்றுகளை 10 முதல் 12 வாரம் வளர்த்து உயரத்தையும் வேர் எடையையும் ஒப்பிடுங்கள். சூடாக்காத மண்ணில் கன்று தெளிவாகக் குன்றினால் நோய் இருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் எம்.9 தடுமாறும், ஜி.41, ஜி.214, ஜி.890 போன்றவை பெருமளவு தாங்கும். நீங்கள் மறுநடவு செய்யப்போவது பழைய தோட்டத்தில்தான் என்றால், திடலையும் அங்கேயே வையுங்கள். புதுமண்ணில் எம்.9 பெறும் வெற்றி உங்களுக்கு உதவாது.

வெள்ளை வேரழுகல் வந்து மரம் இறந்த மூலையில் மட்டும் திடல் வேண்டாம். அது மண்ணில் திட்டுத்திட்டாகப் பரவும். எந்த வேர்ச்செடி அந்தத் திட்டில் அகப்பட்டதோ அது தோற்றதாகக் கணக்கு காட்டும்.

படி 3: கன்று

எல்லா வேர்ச்செடிகளிலும் ஒரே தாய்மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்குச்சி, ஒரே நாற்றங்கால், ஒரே ஆண்டு, ஒரே முறை ஒட்டு. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒரு வேர்ச்செடி கிளைத்த இரண்டு வயதுக் கன்றாகவும் இன்னொன்று ஒரு வயதுத் தனிக் குச்சியாகவும் வந்தால், முதல் மூன்று ஆண்டு விளைச்சல் வேறுபாடு முழுவதும் கன்றின் வயதால் வந்ததாகவே இருக்கும்.

ஒட்டுக்குச்சி எடுக்கும் தாய்மரத்தை வைரஸ் சோதனைக்கு அனுப்புங்கள். குளோரோட்டிக் லீஃப் ஸ்பாட், ஸ்டெம் பிட்டிங், ஸ்டெம் க்ரூவிங் ஆகிய மூன்று வைரஸ்களும் பல ஆப்பிள் ரகங்களில் வெளியே தெரியாமல் இருக்கும். எம்.9 அவற்றைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஜி.935, ஜி.16 ஆகியவை இவற்றுக்குக் கடுமையாக எதிர்வினை காட்டும். ஒட்டு பிடித்தபின் கன்று குன்றும், சில நேரம் இறந்தே போகும். சோதிக்காத குச்சியை ஒட்டிவிட்டு ‘ஜி.935 இந்த மண்ணுக்கு ஆகாது’ என்று எழுதுவது அந்த வேர்ச்செடிக்குச் செய்யும் அநீதி.

வந்தது விற்பவர் சொன்ன வேர்ச்செடிதானா என்பதையும் உறுதி செய்யுங்கள். தாய்ப்பாத்தியில் வேற்றுச் செடி கலப்பது சாதாரணம். மரபணுக் குறியீட்டுச் சோதனைக்கு ஒவ்வொரு வேர்ச்செடியிலும் நான்கைந்து கன்றின் வேர்ப்பகுதித் துளிரை அனுப்பினால் போதும். வெளிநாட்டுக் கன்று என்றால் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை 2003-இன்படியான அனுமதியும் இறக்குமதிக்குப் பிந்தைய கண்காணிப்பும் முடிந்திருக்க வேண்டும்.

வந்த கன்றுகளை ஒட்டுப்பகுதிக்கு மேல் 10 செ.மீ-இல் விட்டத்தை அளந்து வரிசைப்படுத்துங்கள். 10 முதல் 16 மி.மீ வரை உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேர்ச்செடியிலும் பருத்த கன்றுகள் முதல் தொகுதிக்கு, அடுத்தவை இரண்டாம் தொகுதிக்கு என்று பிரித்தால், கன்றின் அளவு வேறுபாடு தொகுதி வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும்.

படி 4: அமைப்பும் நடவும்

ஆறு வேர்ச்செடி, ஆறு தொகுதி, தொகுதிக்குள் ஒவ்வொரு வேர்ச்செடிக்கும் அடுத்தடுத்து மூன்று மரம்: மொத்தம் 108 மரம், 324 சதுர மீட்டர். தொகுதிக்குள் எந்த வேர்ச்செடி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாக. வரிசை முனைகளிலும் இரு ஓர வரிசைகளிலும் காவல் மரங்கள் (கணக்கில் சேராத ஓர மரங்கள்) தேவை. மூன்றில் நடுமரம்தான் நம்பகமானது, ஏனெனில் அதன் இருபுறமும் அதன் இனமே நிற்கிறது. ஆனால் மூன்றையும் அளந்து வையுங்கள். நடுமரம் செத்தால் கைகொடுக்கும். மகரந்தம் தரும் மரங்கள், கோல்டன் டெலிஷியஸோ காட்டு ஆப்பிளோ, எல்லாத் தொகுதிக்கும் ஒரே தூரத்தில் இருக்கட்டும்.

நடவில் மிக அதிகமாக நடக்கும் பிழை ஒட்டுப்பகுதியின் உயரம். மண் அமர்ந்தபின் ஒட்டுப்பகுதி தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ மேலே, எல்லா மரத்திலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் ஒட்டிய ரகமே வேர்விடும். குட்டைத்தன்மை மறைந்து மரம் விதைக்கன்று மரம்போல் ஓங்கும். அதிக உயரத்தில் நின்றால் மரம் கூடுதலாகக் குட்டையாகும், வெளியே தெரியும் வேர்ச்செடித் தண்டில் வேர்முடிச்சுகளும் (வேர்விட முயன்று புடைத்த முண்டுகள்) பெருகும். குழியில் நட்ட கன்று முதல் மழையில் 3 முதல் 5 செ.மீ வரை அமரும் என்பதால் 18 செ.மீ உயரத்தில் நட்டு, ஒரு மாதம் கழித்து ஒவ்வொன்றையும் அளந்து, மண் ஏற்றியோ இறக்கியோ சரிசெய்து, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதுங்கள். பின்னாளில் ஏதோ ஒரு மரம் மட்டும் ஏன் ஓங்கியது என்று தேடும்போது பதில் பெரும்பாலும் இந்தப் பத்தியில் இருக்கும்.

குட்டை வேர்ச்செடி தன் காலில் நிற்காது. 8 முதல் 10 மீட்டருக்கு ஒரு கம்பம், மூன்று அல்லது நான்கு கம்பி, மேல்கம்பி சுமார் 2.7 மீட்டரில். இதை நடவுக்கு முன்பே முடியுங்கள். குறிப்பாக ஜி.41-இன் ஒட்டுப்பகுதி இளமையில் நொறுங்கும் தன்மையுடையது; கன்றை ஏற்றி இறக்கும்போதும், கட்டாமல் விட்ட வாரத்தில் காற்றடித்தாலும் ஒட்டில் முறியும். நட்ட அன்றே கட்டிவிடுங்கள். நடுத்தரத் திடலுக்குக் கம்பி கட்டாயமில்லை. மரத்துக்கு ஒரு ஊன்றுகோல் போதும்.

படி 5: முதல் ஐந்து ஆண்டுப் பராமரிப்பு

கவாத்து, உரம், நீர், மருந்து எல்லாம் ஒரே அளவில். கவாத்தில் மட்டும் ‘ஒரே அளவு’ என்பது ஒரே விதி என்று பொருள்படும்: நடுத்தண்டை வெட்டுவதில்லை, தான் பிறக்கும் இடத்தில் நடுத்தண்டின் பாதித் தடிமனைத் தாண்டிய பக்கக்கிளையைச் சாய்வெட்டாக அகற்றுவது, மற்றவற்றைத் தொடுவதில்லை. வெட்டிய கிளைகளை மரவாரியாக எடைபோடுங்கள். வீரியம் எங்கே வீணாகிறது என்பதை இந்த எடை வேறெதையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

நட்ட ஆண்டில் பூக்களைக் கிள்ளிவிடுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து காய்ச்சுமையை மரத்தின் பருமனுக்கு ஏற்பச் சமப்படுத்த வேண்டும். அடிமரக் குறுக்குவெட்டுப் பரப்பில் ஒரு சதுர செ.மீ-க்கு காலாவில் 5 காய், ஒன்றுவிட்டு ஓராண்டு காய்க்கும் ஃபுஜி போன்ற ரகங்களில் 3 முதல் 4 காய். 10 செ.மீ சுற்றளவுள்ள காலா மரத்துக்கு 8 சதுர செ.மீ பரப்பு, ஆக 40 காய். பூ உதிர்ந்து காய் கோலிக்குண்டு அளவு ஆனதும் கையால் கலைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் குட்டை மரம் இரண்டாம் ஆண்டிலேயே அளவுக்கு மீறிக் காய்த்து வளர்ச்சி நின்றுவிடும். அந்த நிறுத்தத்தை வேர்ச்செடியின் குணம் என்று தவறாகப் பதிவு செய்வீர்கள்.

படி 6: எதை, எப்போது அளப்பது

டிசம்பர், ஜனவரி ஓய்வுக்காலத்தில் ஒட்டுப்பகுதிக்கு மேல் 30 செ.மீ-இல் வெள்ளை வண்ணக் கோடு போட்டு, ஒவ்வோர் ஆண்டும் அதே கோட்டில் நாடாவால் சுற்றளவு எடுங்கள். குறுக்குவெட்டுப் பரப்பு = சுற்றளவு × சுற்றளவு ÷ 12.57. சுற்றளவை அதனாலேயே பெருக்குவதால் சிறு பிழையும் பெரிதாகும்: 10 செ.மீ-ஐ 10.5 என்று படித்தால் பரப்பு 10 விழுக்காடு கூடிவிடும். முடிந்தால் எல்லா ஆண்டும் ஒரே ஆள் அளக்கட்டும். அதே சமயம் வேர்க்கன்றுகளை எண்ணி அகற்றுங்கள். வேர்முடிச்சு, மரத்தின் உயரம், வரிசைத் திசையிலும் குறுக்கிலும் கிளைப் பரப்பு ஆகியவற்றையும் எழுதுங்கள்.

வசந்தத்தில் முழுப்பூப்பு நாளும், குறியிட்ட இரு கிளைகளில் பூங்கொத்து எண்ணிக்கையும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள், அந்த ஆண்டுத் துளிரின் நடுப்பகுதி இலைகளைச் சத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். சுண்ணாம்பு, பொட்டாஷ் ஆகியவற்றை உறிஞ்சுவதில் வேர்ச்செடிகள் வேறுபடும், கசப்புக்குழி நோய் அதனோடு தொடர்புடையது. அறுவடையில் மரவாரியாக எண்ணிக்கை, மொத்த எடை, தர அளவு வாரியான எடை; பத்துப் பழத்தில் 11 மி.மீ முனை கொண்ட அழுத்தமானியால் கடினம், சர்க்கரை அளவு, அயோடின் கரைசலால் மாவுச்சத்துச் சோதனை. உதிர்ந்த பழத்தையும் எடை போடுங்கள்.

நோய், பூச்சிக்குத் தனிப் பதிவு. கம்பளி அசுவினியைத் தரைக்கு மேல் கிளைக்காயங்களில் பார்த்தால் போதாது; கழுத்தருகே மண்ணை விலக்கி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்எம்.106, எம்எம்.111 ஆகியவை இந்தப் பூச்சிக்கு எதிர்ப்புக்காகவே நார்தர்ன் ஸ்பை ரகத்தைக் கொண்டு உருவாக்கப்பட்டவை, ஜி.41, ஜி.214, ஜி.890 எதிர்க்கும், எம்.9, எம்.26, ஜி.935 எதிர்க்காது. மழைக்கால முடிவில் கழுத்தழுகல்: பட்டையைச் சிறிது சுரண்டிப் பார்த்தால் செம்பழுப்பாகத் தெரியும். எம்எம்.106 நீர் தேங்கும் மண்ணில் இதற்கு எளிதில் இரையாகும்.

இறந்த மரத்துக்குத் தேதியும் காரணமும் எழுதாமல் விடாதீர்கள். பிடுங்கி வேரைப் பார்த்து, ஒட்டில் முறிந்ததா, அழுகியதா, எலி கடித்ததா என்று பிரியுங்கள். டிராக்டர் இடித்துச் செத்த மரம் வேர்ச்செடியின் கணக்கில் சேரக் கூடாது.

படி 7: கணக்கு

முதன்மையான எண் விளைச்சல் திறன்: எல்லா ஆண்டு விளைச்சலையும் கூட்டி, கடைசி ஆண்டுக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுப்பது. ஐந்தாண்டில் 45 கிலோ தந்து 18 சதுர செ.மீ பருத்த மரத்தின் திறன் 2.5. 60 கிலோ தந்து 40 சதுர செ.மீ பருத்ததன் திறன் 1.5. தோட்டத்தில் நின்று பார்த்தால் இரண்டாவது மரம்தான் கண்ணை நிறைக்கும். ஆனால் முதலாவதை ஹெக்டேருக்கு 3,333 நடலாம், 150 டன். இரண்டாவதை 4 × 2.5-இல் 1,000 மட்டுமே, 60 டன். மரத்துக்கு எத்தனை கிலோ என்ற கேள்வியை மட்டும் வைத்து வேர்ச்செடியைத் தேர்ந்தெடுப்பவர்கள் விழும் பள்ளம் இது.

ஆனால் திறனை மட்டும் பார்ப்பதும் ஆபத்தானது. குன்றிப்போன மரமும் உயர்ந்த திறன் காட்டும், ஏனெனில் வகுக்கும் எண் சிறியது. ஆகவே ஹெக்டேர் விளைச்சலைக் கணக்கிடும்போது இறந்த மரத்துக்குச் சுழியம் போட்டு, நட்ட எண்ணிக்கையாலேயே வகுங்கள். 18 மரத்தில் 3 வேர் நோயால் போனால் உயிர் பிழைத்தது 83 விழுக்காடுதான். எஞ்சிய பதினைந்தின் சராசரியை மட்டும் வெளியிடுவது படிப்பவரை ஏமாற்றும்.

ஆண்டு மாறிக் காய்க்கும் போக்குக்கு, அடுத்தடுத்த இரு ஆண்டு விளைச்சலின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, எல்லா இணைகளுக்கும் சராசரி எடுங்கள். 8, 2, 10 கிலோ என்றால் 0.6-உம் 0.67-உம் சேர்ந்து சராசரி 0.63; சுழியத்துக்கு அருகே இருந்தால் சீரானது, 1-ஐ நெருங்கினால் ஓராண்டு பழமே இல்லை. பழ எடையை ஒப்பிடும்போது காய்ச்சுமையையும் நடவுநாள் விட்டத்தையும் துணைமாறிகளாகச் சேர்த்து மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்யுங்கள். காய் குறைவாக இருந்த மரத்தில் பழம் பெரிதாகத்தான் இருக்கும். அது வேர்ச்செடியின் பெருமை அல்ல.

படி 8: முடிவும் இடைவெளியும்

மூன்றாம் ஆண்டு முடிவை வைத்து எதையும் பரிந்துரைக்காதீர்கள். சீக்கிரம் காய்க்கும் வேர்ச்செடி அப்போது முன்னால் நிற்கும். வறட்சி ஆண்டும், பனிச்சுமையும், மழை மிகுந்த ஆண்டும் இன்னும் வந்திருக்காது. ஐந்தாண்டில் கழிக்க வேண்டியவற்றைக் கழிக்கலாம். உறுதியாகச் சொல்ல எட்டு முதல் பத்து ஆண்டு வேண்டும்.

கழிப்பதற்கான வரிசை இது: முதலில் உயிர் பிழைப்பு, பிறகு இடத்தை நிரப்பியதா என்பது, அதன்பின்தான் விளைச்சல் திறன். ஐந்தாம் ஆண்டில் 1 மீட்டர் இடைவெளியில் பக்கத்து மரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, கவாத்து எடை குறைவு என்றால் இடைவெளி சரி. ஆண்டுதோறும் தடித்த கிளைகளை வெட்டித்தான் அடக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த மண்ணுக்கு அது வீரியம் மிகுந்தது. அடுத்த நடவில் 1.25 அல்லது 1.5 மீட்டர் கொடுங்கள். இரு மரங்களுக்கு நடுவே கைவிரிப்பளவு வெற்றிடம் எஞ்சினால் 0.8 மீட்டருக்கு நெருக்கலாம். ஆனால் ஹெக்டேருக்கு 833 கன்று கூடுதலாக வாங்க வேண்டும். அந்தச் செலவைவிட ஒரு படி வீரியமான வேர்ச்செடிக்கு மாறுவது மலிவாக இருக்கும்.

தேறிய இரண்டு மூன்று வேர்ச்செடிகளை வேறு உயரம், வேறு சரிவுத் திசை கொண்ட நான்கைந்து தோட்டங்களில், ஒவ்வொன்றிலும் முழு வரிசையாக, டி337 வரிசையை அருகில் வைத்து நடுங்கள். தெற்கு நோக்கிய வறண்ட சரிவும் வடக்கு நோக்கிய ஈரச் சரிவும் ஒரே விடை தராது. வறண்ட பக்கத்துக்கு ஜி.890-உம் ஈரப்பக்கத்துக்கு ஜி.41-உம் எனப் பிரித்துப் பரிந்துரைக்க வேண்டி வந்தால் அப்படியே எழுதுங்கள்.